உங்களுக்குத் தெரியுமா? கிதாரும் பறையும் எடுத்த பெண்கள்

● எரியோடு, வேடசந்தூர் பக்கம் மாரியம்மனுக்குச் சாமி சாட்டிக் காப்புக் கட்டிவிட்டால், மைக் செட்காரர் முதலில் போடுவது யார் பாட்டு? பத்து வயசுப் பையனும் யோசிக்காமல் சொல்லிவிடுவான்: எல்.ஆர்.ஈஸ்வரி. மரத்தில் ஏற்றிக் கட்டிய குழாய் கரகரத்தாலும், கரண்டு ஏறி இறங்கினாலும், அந்தக் குரல் மட்டும் பிசிறடிக்காது. கூழ் வாங்க வரிசையில் நிற்கிற பெண்களில் ஒருத்திக்குத் திடீரென்று அருள் வந்துவிடும். பாடியவர் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண் என்பது அங்கே நிற்கிற பலருக்குத் தெரியாது. தெரிந்தாலும் யாரும் குழாயை அணைக்கப் போவதில்லை.

1939-இல் சென்னையில் பிறந்தபோது அவர் பெயர் லூர்துமேரி ராஜேஸ்வரி. அம்மா ஜெமினி ஸ்டூடியோவில் கோரஸ் பாடியவர். மகளும் கோரஸில்தான் தொடங்கினார், 'மனோகரா' (1954) படத்தில். ஏற்கெனவே எம்.எஸ்.ராஜேஸ்வரி என்று ஒரு பாடகி புகழோடு இருந்ததால் இவர் எல்.ஆர்.ஈஸ்வரி ஆனார். 'பாசமலர்' (1961) படத்தின் கல்யாணப் பாட்டுக்குப் பிறகு ஊரே அவரைத் தேடியது. 'பணமா பாசமா' (1968) படத்தில் இலந்தைப்பழம் விற்கும் பெண்ணுக்குப் பாடினார். 'சிவந்த மண்' (1969) படத்தில் எம்.எஸ்.விஸ்வநாதன் சாட்டையின் சத்தத்தையே தாளமாக்கிவிட, அதற்கு ஈடுகொடுத்து நின்றார். ஒரே தொண்டை, ஒரு பக்கம் கிளப் டான்ஸுக்கு, இன்னொரு பக்கம் அம்மனுக்கு. எழுபதைத் தாண்டிய பிறகும் 'ஒஸ்தி' (2011) படத்துக்கு ஒரு குத்துப்பாட்டு. தமிழில் ராக் பாடகி யார் என்று என்னைக் கேட்டால், கிதார் மாட்டியவர்களைத் தேடிக்கொண்டிருக்க மாட்டேன். இவரைத்தான் காட்டுவேன்.

● கோவில் பாட்டையும் கிளப் பாட்டையும் ஒரே ஆள் பாடுவதற்கு அமெரிக்காவில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. சண்டைக்குக் காரணமானவர் சிஸ்டர் ரோசெட்டா தார்ப். 1915-இல் அர்க்கன்சா மாநிலத்தில், காட்டன் பிளான்ட் என்ற ஊரில் பிறந்தவர். பருத்தி விளைந்த பூமி. அம்மா ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தவர், மாண்டலின் வாசித்தவர். மகள் நாலு வயசில் கிதாரைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறிவிட்டாள்.

1938-இல் நியூயார்க் போய், மதுவும் நடனமும் ஓடுகிற காட்டன் கிளப்பில் தேவாலயப் பாட்டுகளைப் பாடினார். சர்ச்சுக்காரர்களுக்கு ஒரே கோபம். அவர் கவலைப்படவில்லை. மின்கிதாரை வைத்துக்கொண்டு அவர் நரம்பை இழுத்து அதிரவைத்த விதம் அதுவரை யாரும் கேட்டிராதது. 1944-இல் பதிவு செய்த 'ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹேப்பனிங் எவ்ரி டே' அடுத்த ஆண்டு கறுப்பின இசைக்கான விற்பனைப் பட்டியலில் 2-ஆம் இடத்துக்கு வந்தது. முதல் ராக் அண்ட் ரோல் பாட்டு எது என்று வாதம் நடக்கும்போதெல்லாம் இதன் பெயரும் வரும். எல்விஸ் பிரெஸ்லி பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலம் அது.

1947-இல் ஜார்ஜியாவின் மேக்கன் நகர அரங்கில் குளிர்பானம் விற்றுக்கொண்டிருந்த ஒரு பையன் தன் பாட்டையே பாடக் கேட்ட தார்ப், அன்று மாலை அவனைத் தன் மேடையில் பாடவைத்துப் பணமும் கொடுத்தார். அந்தப் பையன்தான் பின்னாளில் லிட்டில் ரிச்சர்ட்.

● அதே தார்ப், 1951-இல் வாஷிங்டன் நகரின் ஒரு விளையாட்டு மைதானத்தில் தன் கல்யாணத்தை நடத்தினார். டிக்கெட் போட்டு! சுமார் 25,000 பேர் காசு கொடுத்து வந்தார்கள். தாலி கட்டி முடிந்ததும் கச்சேரி என்பது நமக்குப் பழக்கம்தான். மணப்பெண்ணே கல்யாண உடையில் கிதார் வாசித்தால் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

● ரயில் நிற்காத ஒரு ஸ்டேஷனில் நடந்த கச்சேரி ஒன்று உண்டு. 1964 மே மாதம், இங்கிலாந்தின் மான்செஸ்டரில், மூடிக்கிடந்த வில்பிரகாம் ரோடு ரயில் நிலையத்தை ஒரு டி.வி. கம்பெனி அமெரிக்கத் தென்மாநில ஸ்டேஷன் போல ஜோடித்தது. ஒரு பிளாட்பாரத்தில் ஜனம், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் பாடகர்கள். தார்ப் குதிரை வண்டியில் வந்து இறங்கினார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. உடனே, மழையைப் பற்றிய ஒரு பழைய பக்திப் பாட்டோடு தொடங்கலாம் என்று முடிவு செய்தார். நல்ல கோட்டும் குதிகால் செருப்புமாக, ஈரமான பிளாட்பாரத்தில், கையில் மின்கிதாரோடு அவர் நிற்கிற படம் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. கரண்டும் ஈரமும் சேர்ந்த இடத்தில் அப்படி நிற்க நம் ஊர் மைக் செட்காரர் எவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

1973-இல் இறந்தார். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் அவர் கல்லறையில் பெயர் பொறித்த கல் இல்லை. ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தது 2018-இல்.

● கல்லறைக் கல் என்றதும் இன்னொன்று. புளூஸ் இசையின் மகாராணி என்று கொண்டாடப்பட்ட பெஸ்ஸி ஸ்மித் 1937-இல் கார் விபத்தில் இறந்தார். அவர் கல்லறையும் கல் இல்லாமலேதான் கிடந்தது. 1970 ஆகஸ்டில் அதற்குக் கல் வைக்கப் பணம் கொடுத்தவர்களில் ஒருவர் ராக் பாடகி ஜானிஸ் ஜாப்ளின். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அக்டோபர் 4 அன்று ஜாப்ளினும் போய்விட்டார். வயது 27.

● எல்விஸின் 'ஹவுண்ட் டாக்' (1956) உலகம் அறிந்த பாட்டு. அதை முதலில் பாடியவர் ஒரு பெண். பிக் மாமா தார்ன்டன் 1952-இல் பதிவு செய்தார். 1953-இல் வெளிவந்து கறுப்பின இசைக்கான பட்டியலில் 7 வாரம் முதலிடத்தில் இருந்தது. ஒரு பெண் தன் உதவாக்கரை ஆளைத் துரத்தியடிக்கிற பாட்டு அது. ஆம்பளை வாய்க்குப் போனதும் நிஜமாகவே நாயைப் பற்றிய பாட்டாகிவிட்டது. தார்ன்டனுக்குக் கிடைத்தது சில நூறு டாலர் மட்டும்.

● கரூர் வழியாக ஈரோட்டுக்கு ரயில் பிடித்தால் கொடுமுடி வரும். 1908-இல் அங்கே பிறந்த சிறுமி சுந்தராம்பாள், வறுமையில் ரயிலில் பாடிக் காசு வாங்கியவர் என்பார்கள். மைக் இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற குரல். 'நந்தனார்' (1935) படத்தில் ஆண் வேடம். அதற்கு அவர் வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய், 1935-இல்! ராக் இசைக்கும் சுந்தராம்பாளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஆம்ப்ளிஃபயர் செய்கிற வேலையை அவர் நெஞ்சு செய்தது, அவ்வளவுதான்.

● பள்ளிக்கூடத்துப் பாட்டு வகுப்பில், "உன் குரல் இதுக்குச் சரிப்படாது" என்று சொல்லி ஓரமாக உட்கார வைக்கப்பட்ட பெண்தான் உஷா உதுப். மும்பையில் வாழ்ந்த தமிழ்க் குடும்பம், பிறந்தது 1947-இல். ஆண் குரலோ என்று திரும்பிப் பார்க்கவைக்கும் கனத்த சாரீரம். 1969-இல் சென்னை மவுண்ட் ரோட்டில், சஃபையர் தியேட்டர் வளாகத்தின் அடித்தளத்தில் இருந்த 'நைன் ஜெம்ஸ்' கிளப்பில்தான் அவருடைய மேடை வாழ்க்கை ஆரம்பமானது. இரவு விடுதிப் பாடகி என்றால் பளபளக்கிற கவுன் போட வேண்டும் என்றிருந்த காலத்தில் காஞ்சிப் பட்டு, பெரிய பொட்டு, தலையில் பூ. அதற்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ சேர்ந்தது பிற்பாடு. குடும்பத்தோடு வந்தவர்கள் எழுந்து போகாததற்குப் பாதிக் காரணம் அந்தப் பட்டுப்புடவைதான் என்பது என் கணிப்பு.

1980-களில் மேற்கு வங்க அமைச்சர் ஒருவர், இவர் பாடுவது சீரழிந்த கலாசாரம் என்று சொல்லி அரசு அரங்குகளைக் கொடுக்க மறுத்தார். உஷா கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தார். 2011-இல் பத்மஸ்ரீ, 2024-இல் பத்மபூஷண்.

● பெண் பாடலாம். ஆனால் கருவியைத் தொட்டு அடிப்பது? மேல்நாட்டு ராக் உலகம் இந்தக் கேள்வியில் ரொம்ப நாள் தடுமாறியது. அதற்கான நல்ல பதில் ஒன்று எரியோட்டிலிருந்து பஸ் ஏறினால் போய்ச் சேர்கிற திண்டுக்கல்லில் இருக்கிறது.

1990-இல் சகோதரி சந்திரா என்ற கன்னியாஸ்திரி முன்னின்று தொடங்கியது சக்தி கலைக்குழு. கிராமங்களிலிருந்து வந்த தலித் இளம்பெண்களின் கையில் அவர் கொடுத்தது பறை. நன்றாக யோசித்துப் பார்க்க வேண்டிய துணிச்சல் இது. சாவு வீட்டில் அடி, கேட்டதற்கு அடி, கொடுத்ததை வாங்கிக்கொள் என்று ஒரு சாதியின் ஆண்கள் தலையில் கட்டப்பட்ட மேளம். அந்தச் சாதியிலேயே பல இளைஞர்கள், இனி தொடமாட்டோம் என்று ஒதுக்கிவைத்த மேளம். பெண்கள் அடித்ததை ஊரில் யாரும் பார்த்ததுமில்லை. அதை எடுத்து இடுப்பில் சாய்த்து, கால்மாற்றி ஆடிக்கொண்டே அடித்தார்கள். சாவுக்கு அடிப்பதில்லை, மேடையிலும் போராட்டத்திலும் அடிப்போம் என்றார்கள்.

பறையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? வளைந்த மூன்று மரத்துண்டுகளை இரும்புப் பட்டையால் இணைத்த வளையம். அதன்மேல் இழுத்து ஒட்டிய மாட்டுத்தோல். ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசை. அடிப்பதற்கு முன் வைக்கோலைக் கொளுத்தி அனலில் காட்ட வேண்டும். தோலில் இருக்கிற ஈரம் போய் அது இறுகினால்தான் ஓசை எழும். மழைக்காலத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கு நடுவிலும் திரும்பக் காய்ச்ச வேண்டியிருக்கும். குச்சி இரண்டு: நீளமாய் மெலிந்தது சிண்டுக்குச்சி, குட்டையாய்த் தடித்தது அடிக்குச்சி. சிண்டுக்குச்சி சடசடவென்று பேச, அடிக்குச்சி கனமாக இறங்கும். டிரம் செட் வாசிக்கிறவர் இரண்டு கை, இரண்டு காலால் செய்வதை இங்கே இரண்டு குச்சி செய்கிறது. கால்கள் ஆட்டத்துக்கு.

அமெரிக்காவின் ஓக்லஹோமா பல்கலைக்கழகப் பேராசிரியை ஜோயி ஷெரினியன், தானும் ஒரு தாளக்கலைஞர், இந்தப் பெண்களைப் பற்றி 'சக்தி வைப்ரேஷன்ஸ்' என்று ஆவணப்படமே எடுத்துவிட்டார்.

இடையில் ஒரு தகவல்: தோல் பதனிடும் தொழிலுக்குத் திண்டுக்கல் பேர்போனது. அந்தத் தொழிலாளர்களின் வாழ்க்கையைச் சொல்லும் டி.செல்வராஜின் 'தோல்' நாவல் 2012-இல் சாகித்ய அகாதமி விருது வாங்கியது. அதில் ராக் கிடையாது. படிக்காதவர்கள் படித்துவிடுங்கள்.

● நின்றுகொண்டே அடிப்பது நம் பறைக்காரர்களுக்கு மட்டும் சொந்தமில்லை. 1960-களில் நியூயார்க்கின் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவில் டிரம்ஸ் வாசித்த மோ டக்கர், பெரிய பேஸ் டிரம்மைப் படுக்கவைத்து, அதன் முன் நின்று, உருண்டைத்தலைக் குச்சியால் அடித்தார். ஜல்ஜல் என்று ஒலிக்கும் தட்டுகளைப் பெரும்பாலும் தொடவே மாட்டார். குழுவில் சேரும் முன் அவர் ஐ.பி.எம். கம்பெனியில் கீபஞ்ச் ஆபரேட்டர். நாள் முழுக்க ஒரே லயத்தில் தட்டிப் பழகிய கை!

● உறுமி எங்கெல்லாம் போயிருக்கிறது தெரியுமா? நம் பக்கத்துத் திருவிழாவில், வளைந்த குச்சியால் ஒரு பக்கத் தோலைத் தேய்த்து 'உம்ம்' என்று அடிவயிற்றைக் கலக்குகிற அதே உறுமிதான். அதை லண்டன் கிளப்புகளுக்குக் கொண்டுபோனவர் மாதங்கி அருள்பிரகாசம். உலகம் அழைப்பது எம்.ஐ.ஏ. என்று. 1975-இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், போரில் இடம்பெயர்ந்து, சென்னையிலும் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, அகதியாக மறுபடி லண்டனுக்கே திரும்பியவர். அம்மா கலா தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். முதல் ஆல்பத்துக்கு அப்பா பெயர், 'அருளர்' (2005). இரண்டாவதற்கு அம்மா பெயர், 'கலா' (2007).

'கலா' ஆல்பத்தின் ஒரு பகுதிக்குச் சென்னையில் மேளக்காரர்களைக் கூட்டிவைத்துப் பதிவு நடந்தது. 'பேர்ட் ஃப்ளூ' என்ற பாட்டில் உறுமி மேளம் இடைவிடாமல் முழங்கும். அதில் 'ஜெயம்' (2003) படத்தின் திருவிழாப் பாட்டிலிருந்து ஒரு துண்டும் உண்டு. ஆமாம், ஜெயம் ரவியின் அந்த 'ஜெயம்'தான்! அதே ஆல்பத்தின் 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டில் கேட்கிற கிதார், இங்கிலாந்து பங்க் குழுவான தி கிளாஷ் 1982-இல் வெளியிட்ட பாட்டிலிருந்து எடுத்தது. கிராமத்து மேளமும் பங்க் கிதாரும் ஒரே தட்டில் வந்து உட்கார்ந்தன. விமரிசகர்கள் இதற்கு ஏதேதோ பெயர் வைத்தார்கள். உறுமிக்காரர்கள் கேட்டால், இதில் புதுசு என்ன இருக்கிறது என்பார்கள்.

2009 பிப்ரவரி 8, கிராமி விருது மேடை. எம்.ஐ.ஏ.வுக்குப் பிரசவத் தேதி அன்றைக்குத்தான். வயிற்றோடு வந்து பாடி ஆடிவிட்டுப் போனார். அதே சமயம் ஏ.ஆர்.ரஹ்மானோடு சேர்ந்து 'ஸ்லம்டாக் மில்லியனர்' பாட்டுக்கு ஆஸ்கர் பரிந்துரையும் இருந்தது.

● இதுவும் நம் திண்டுக்கல் மாவட்டத்துக் கதை. கொடைக்கானலில் தெர்மாமீட்டர் தொழிற்சாலை ஒன்று இருந்தது. பாதரசக் கழிவைக் கண்டபடி கொட்டியது வெளியே தெரிந்து 2001-இல் மூடப்பட்டது. வேலை செய்தவர்கள் உடம்பு கெட்டு, நியாயம் கேட்டு அலைந்தார்கள், ஆண்டுக் கணக்காக. 2015 ஜூலை இறுதியில் சென்னைப் பெண் சோஃபியா அஷ்ரஃப், அமெரிக்க ராப் பாடகி நிக்கி மினாஜின் பிரபலமான ஒரு பாட்டின் தாளத்தை எடுத்துக்கொண்டு, 'கொடைக்கானல் வோன்ட்' என்று ராப் பாடி வீடியோவாக விட்டார். நிக்கி மினாஜே அதைத் தன் பக்கத்தில் பகிர, உலகமே பார்த்தது. 2016 மார்ச்சில், தொழிற்சாலையை நடத்திய யூனிலீவர் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது. பாட்டு மட்டுமே அதைச் சாதித்துவிடவில்லை. தொழிலாளர்களின் பதினைந்து ஆண்டுப் போராட்டம் அதற்குப் பின்னால் இருக்கிறது. ஆனால் அந்தக் கடைசித் தள்ளு இரண்டு மூன்று நிமிட வீடியோ ஒன்றிலிருந்து வந்தது.

● கானா என்றால் வடசென்னை ஆண்கள், சாவு வீடு, விடிய விடியப் பாட்டு. அதற்குள் நுழைந்த பெண் இசைவாணி. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல்முறை மேடை ஏறியது. இயக்குநர் பா.ரஞ்சித்தும் இசைக்கலைஞர் டென்மாவும் உருவாக்கிய குழு. கிதார், டிரம்ஸ், பறை, சட்டி எல்லாம் கலந்த அந்தக் கூட்டத்தில் ஒரே பெண் அவர்தான். 2020-இல் பி.பி.சி. வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது.

● மதுரை பக்கத்துப் பரவை முனியம்மா சினிமாவில் கலக்கியபோது அவர் பாட்டி வயசுக்காரர். 'தூள்' (2003) படத்தில் விக்ரம் சண்டை போட, இவர் பாட. சண்டையைப் பார்ப்பதா, இவரைப் பார்ப்பதா என்று தியேட்டர் குழம்பியது.

● காஷ்மீரில் பள்ளி மாணவிகள் மூன்று பேர் சேர்ந்து 'பிரகாஷ்' என்று ராக் குழு தொடங்கினார்கள். 2012 டிசம்பரில் ஸ்ரீநகரில் ஒரு போட்டியில் பாடினார்கள். அடுத்த பிப்ரவரியில் மதத் தலைவர் ஒருவர் ஃபத்வா போட்டார், இணையத்தில் மிரட்டல் குவிந்தது. குழு கலைந்தது. அவர்கள் மேடையில் வாசித்தது அந்த ஒரு முறைதான்.

● மணிலாவில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன அக்கா தங்கை ஜூன், ஜீன் மில்லிங்டன். அவர்களின் 'ஃபேனி' குழு 1970-இல் பெரிய கம்பெனி மூலம் முழு ஆல்பம் வெளியிட்டது. பாடுவது மட்டுமில்லை, கிதார், பேஸ், கீபோர்டு, டிரம்ஸ் எல்லாமே பெண்கள். கம்பெனிகள் கைவிரிப்பது அதற்குப் பிறகும் ஓயவில்லை. ராக் பாடகி ஜோன் ஜெட்டை 23 கம்பெனிகள் வேண்டாம் என்றன. சொந்தமாகக் கம்பெனி தொடங்கி, கார் டிக்கியில் இசைத்தட்டுகளை வைத்து விற்றார். 1982-இல் அவர் பாட்டு அமெரிக்காவில் 7 வாரம் முதலிடம்.

● கடைசியாக, பெயர் தெரியாமலேயே நீங்கள் கேட்டிருக்கக்கூடிய ஒருவர். 'மிஷன் இம்பாசிபிள்' இசையில் அடியில் ஓடுகிற பேஸ் கிதார், ரிச்சி வேலன்ஸின் 'லா பம்பா'வில் தாளக் கிதார், பீச் பாய்ஸின் 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பத்தில் பேஸ். மூன்றிலும் வாசித்தவர் கரோல் கே. லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டூடியோக்களில் ஆயிரக்கணக்கான பதிவுகளுக்கு வாசித்த தாய். காலையில் ஒரு கம்பெனி, மத்தியானம் ஒரு கம்பெனி, ராத்திரி ஒன்று. கோடம்பாக்கத்து வாத்தியக்காரர்களுக்கு நன்கு தெரிந்த பிழைப்பு. இசைத்தட்டு உறைகளில் பெரும்பாலும் பெயர் வராது. அதுவும் கோடம்பாக்கத்துக்குத் தெரிந்ததே. 2025-இல் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபம் அவரைச் சேர்ப்பதாக அறிவித்தது. அப்போது அவருக்கு 90 வயது. எனக்கு வேண்டாம், வரவும் மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.